"செடி போயிருச்சு": மிதவைச் செடிகளின் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

மிதவைச் செடி வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒரே வரிதான்: "செடி போயிருச்சு." எப்படிப் போச்சு என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. மஞ்சளாகிப் போனதா, நடுக்குருத்து அழுகிப் போனதா, வேர் கொட்டிப் போனதா, தீய்ந்து போனதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அது தெரியாமல் கடைக்குப் போனால் ஒரு உரப் பாட்டிலோடு திரும்புவோம். பல வீடுகளில் ஃபில்டரின் வாயைக் கொஞ்சம் திருப்பி வைத்ததோடு என் வேலை முடிந்திருக்கிறது.

என்னிடம் இருப்பது கூடத்தில் இரண்டரை அடி மீன்தொட்டி ஒன்று, மொட்டை மாடியில் நூறு லிட்டர் டப் நான்கு, ஒரு சிமென்ட் தொட்டி. இருப்பது சென்னைப் புறநகர், ஊற்றுவது போர் தண்ணீர். இங்கேயும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. அதை முதலில் தீர்த்துவிடலாம். சித்த மருத்துவம் ஆகாயத்தாமரை என்று சொல்வது தண்டே இல்லாமல், வெல்வெட் மாதிரி இலைகள் ரோஜாப்பூ அடுக்கில் விரியும் செடியை. கடைகளில் வாட்டர் லெட்டூஸ் என்பார்கள். செய்தித்தாளில் ஏரியை மூடிய ஆகாயத்தாமரை என்று வருவது பெரும்பாலும் வெங்காயத்தாமரை: இலைக்காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும், ஊதாப் பூ பூக்கும். இங்கே ஆகாயத்தாமரை என்றால் முதல் செடிதான். வெங்காயத்தாமரையை வீட்டில் வளர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. அதனால் அதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை.

## எதையும் செய்வதற்கு முன்

மூன்று விஷயம் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும்.

கெட்டது எந்த இலை? வெளிச்சுற்றில் இருக்கும் பழைய இலையா, நடுவிலிருந்து வரும் புது இலையா?

செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, பஞ்சு போல இருக்கிறதா, கறுத்துக் கொழகொழவென்று இருக்கிறதா, வேரே இல்லையா?

கடந்த இரண்டு வாரத்தில் என்ன மாற்றினீர்கள்? புது லைட், புது மீன், மீனுக்கு மருந்து, உப்பு, வேறு தண்ணீர். "ஒண்ணுமே மாத்தலை" என்று சொன்னவர்களில் பலர் பத்து நிமிடப் பேச்சுக்குப் பிறகு எதையாவது நினைவுபடுத்திக்கொள்வார்கள்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று கையில் இருந்தால் நல்லது, சில நூறு ரூபாய்தான். நைட்ரேட், அம்மோனியா சோதனைக் கிட் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.

## வாங்கி வந்த வாரத்திலேயே இலை கரைகிறது

நடுக்குருத்தை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

கெட்டியாக இருக்கிறது, சின்னதாக ஒரு புது இலையும் தெரிகிறது: ஒன்றும் செய்யாதீர்கள். பண்ணையில் ஒரு வெளிச்சத்தில், ஒரு தண்ணீரில் வளர்ந்த இலைகளைச் செடி உதிர்த்துவிட்டு உங்கள் வீட்டுக்கேற்ற இலையைப் போடுகிறது. கரைந்த இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிடுங்கள், தண்ணீரில் ஊற விட வேண்டாம். இரண்டு வாரம் பொறுங்கள். இந்த நேரத்தில் உரம் போட்டால் அதைச் சாப்பிடச் செடிக்கு வேர் இருக்காது, பாசிதான் சாப்பிடும்.

நடு கொழகொழப்பாக இருக்கிறது, நாறுகிறது: அந்தச் செடி முடிந்தது. எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைக் காப்பாற்றுங்கள்.

எல்லாச் செடியும் ஒரே நாளில் கரைந்தது: தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் தொட்டியில் கல் உப்பு போடுவது வழக்கம். லிட்டருக்கு 2, 3 கிராம் என்று உப்பு ஏறினால் மீன் தாங்கும், ஆகாயத்தாமரை தாங்காது. தாமிரம் கலந்த மீன் மருந்தும் அப்படித்தான். வைத்தியம் முடியும்வரை செடிகளைத் தனி வாளியில் வைப்பதுதான் வழி. இதில் குளோரின் மீது பழி போடுபவர்கள் அதிகம். குழாய்த் தண்ணீரில் வருகிற அளவு குளோரின் மீனைக் கொல்லலாம், ஆனால் மிதவைச் செடியைக் கொன்று நான் பார்த்ததில்லை.

## இலை மஞ்சளாகிறது

அதிகம் வருவதும் அதிகம் தப்பாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். மஞ்சள் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த இலை, எப்படிப்பட்ட மஞ்சள் என்று பார்க்க வேண்டும்.

### வெளி இலை முழுக்க மஞ்சள், உள்ளே பச்சை

ஒரு செடிக்கு ஒன்றிரண்டு இலை மட்டும் என்றால் வயசாகி உதிர்கிறது, கிள்ளிவிடுங்கள். எல்லாச் செடியிலும், அடுத்தடுத்த சுற்றுக்கும் மஞ்சள் ஏறுகிறது, வேரும் வழக்கத்தைவிட நீளமாகத் தொங்குகிறது என்றால் பட்டினி. நைட்ரஜன் போதாமல் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது, தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்பது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவார். தொட்டி பளிங்கு மாதிரி இருக்கும், மூன்று கப்பி மீன் நீந்தும், செடி வெளிறிக் கிடக்கும். அவரை வாரம் ஒருமுறை கால்பங்கு என்று குறைக்க வைத்தேன். ஒரு மாதத்தில் பச்சை திரும்பியது, செலவு எதுவும் இல்லை.

அது காரணமில்லை என்றால் மீன் எண்ணிக்கையைப் பாருங்கள். மீனின் கழிவுதான் இந்தச் செடிக்குச் சோறு. மீனே இல்லாத டப்பில் செடி மட்டும் மிதந்தால் நீங்கள்தான் ஊட்ட வேண்டும்.

அடுத்து நைட்ரேட் கிட். லிட்டருக்கு 5 மி.கி.க்குக் கீழே காட்டினால் உரம் தேவை. 10 முதல் 20 வரை இருந்தால் நல்லது. மீன்தொட்டிக் கடைப் பாட்டில் உரம் வாங்கலாம். செலவு குறைய வேண்டுமென்றால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் 13:0:45 பாக்கெட், அதாவது பொட்டாசியம் நைட்ரேட், உரக்கடையில் கிடைக்கும். 100 லிட்டருக்கு 1 கிராம் கரைத்தால் நைட்ரேட் சுமார் 6 மி.கி., பொட்டாசியம் சுமார் 4 மி.கி. ஏறும். வாரம் ஒருமுறை இந்த அளவு போதும். கண்ணளவில் போடாமல் நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன மின்தராசில் நிறுத்துப் போடுங்கள்.

யூரியா, டி.ஏ.பி. மட்டும் மீன் இருக்கும் தண்ணீரில் போடவே கூடாது. இரண்டும் அம்மோனியாவாக மாறும். நம் போர் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 8-ஐ ஒட்டி இருக்கும்போது அந்த அம்மோனியா இன்னும் கொடியது. தோட்டத்துச் செடிக்குப் போடுவது போல ஒரு ஸ்பூன் டி.ஏ.பி. போட்ட வீட்டில் விடியும்போது மீன்கள் எல்லாம் மல்லாந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். செடி என்னவோ செழிப்பாகத்தான் இருந்தது.

### பழைய இலையில் ஊசி குத்தினாற்போல ஓட்டை, ஓரம் கருகுகிறது

பொட்டாசியம் குறைவு. மேலே சொன்ன 13:0:45 இதற்கும் ஆகும். நைட்ரேட் ஏற்கெனவே 20-க்கு மேல் இருந்தால் அது வேண்டாம், பொட்டாசியம் சல்பேட் போடுங்கள். ஏற்கெனவே விழுந்த ஓட்டை அடையாது. அடுத்து வரும் இலையில் ஓட்டை விழாமல் இருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். சில நேரம் இந்த ஓட்டை புழு தின்றதாகவும் இருக்கும். கருகிய விளிம்பு இல்லாமல், ஓட்டை சுத்தமாக இருந்தால் கீழே பூச்சிப் பகுதிக்குப் போங்கள்.

### புது இலை வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சை

இரும்புச் சத்து. பழைய இலையிலிருந்து இரும்பை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. அதனால்தான் குருத்து முதலில் வெளுக்கிறது.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. உரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. இரும்பு, பி.எச். 6.5 வரைதான் தண்ணீரில் நன்றாகக் கரைந்து நிற்கும். போர் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் துருவாகி அடியில் படிந்துவிடும். போட்டும் பயனில்லை என்று இன்னொரு ஸ்பூன் போடுவார்கள், தண்ணீர்தான் பழுப்பாகும். பி.எச். 7.5 வரை என்றால் டி.டி.பி.ஏ. வகை இரும்பு கேளுங்கள். அதற்கும் மேலே என்றால் இ.டி.டி.எச்.ஏ. வகை. அது தண்ணீரைச் செம்பருத்தித் தேநீர் நிறத்துக்குக் கொண்டுபோகும், கண்ணாடித் தொட்டிக்கு அழகில்லை, மாடி டப்புக்குப் பரவாயில்லை. எதுவானாலும் கொஞ்சமாக, வாரம் இரண்டு முறையாகப் பிரித்துப் போடுங்கள்.

### புது இலை சுருண்டு கோணலாக வருகிறது

முதலில் இலையைத் திருப்பி அசுவினி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டி.டி.எஸ். அளந்து பாருங்கள். 50-க்குக் கீழே காட்டினால் முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள், கால்சியமும் மக்னீசியமும் அதில் இல்லை. நாலில் ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்து ஊற்றினால் தீர்ந்தது. மினரல் பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

இந்த நான்கிலும் சேராத மஞ்சள், உரம் போட்டு ஒரு மாதமாகியும் மாறாத மஞ்சள் என்றால் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுக்கும் கட்டம் வந்துவிட்டது. மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் கட்டணம் வாங்கிக்கொண்டு தண்ணீரைச் சோதித்துக் கொடுக்கும். ஒரு சின்ன டப்புக்காக இவ்வளவு அலைவதா என்றால், அந்தப் பணத்துக்குப் புதுச் செடியே வாங்கலாம். நிறையச் செடி வைத்து விற்பவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

## நடு அழுகுகிறது, சுற்றியுள்ள இலை நன்றாக இருக்கிறது

இந்தச் செடிகளுக்கு வேர்தான் நனைய வேண்டும், தலை நனையக் கூடாது. ஆகாயத்தாமரைக்கும், கடைகளில் விற்கும் ஃப்ராக்பிட், ரெட் ரூட் ஃப்ளோட்டர் என்ற மிதவைச் செடிகளுக்கும் இது பொது. சால்வினியா என்ற மிதவைச் செடியின் இலையில் தண்ணீரை உதறிவிடும் மயிர் இருப்பதால் அது கொஞ்சம் சமாளிக்கும்.

தொட்டிக்குக் கண்ணாடி மூடி இருக்கிறதா? காலையில் மூடியின் அடிப்பக்கம் பாருங்கள். வியர்த்துச் சொட்டு நின்றால் அதுதான் குற்றவாளி. மூடியின் நாலு மூலையிலும் ரப்பர் துண்டு வைத்து ஒரு விரல் இடைவெளி கொடுங்கள். குதிக்கும் மீன் என்றால் கண்ணாடிக்குப் பதில் கொசுவலைச் சட்டம் போடுங்கள்.

ஃபில்டர் தண்ணீர் மேலே தெளிக்கிறதா? ஃபில்டரின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள், அல்லது தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே இறக்குங்கள். அப்படியும் செடி சுழன்று போய் ஃபில்டர் வாயில் மூழ்கினால் ஏர் பம்ப்பின் ட்யூபில் இரண்டடி வெட்டி, இரு முனையையும் இணைப்பானால் சேர்த்து வளையமாக்கி மிதக்க விடுங்கள். செடி வளையத்துக்குள் நிற்கும். மீனுக்கு உணவு போட இன்னொரு சின்ன வளையம். பத்து, இருபது ரூபாய் வேலை. இதற்கென்று விற்கும் சாதனங்களைவிட இது நன்றாக உழைக்கிறது.

மாடி டப்பில் இருக்கும் செடியா? வடகிழக்குப் பருவமழையில் ஒரு வாரம் விடாமல் அடித்தால் இலை மேல் நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும். அப்போது நல்ல செடி நாலைந்தை எடுத்து சாரல் படாத வராந்தாவில் ஒரு வாளியில் வையுங்கள். டப்பில் இருப்பது போனாலும் விதைக்குச் செடி இருக்கும். டப்பின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு ஓட்டையும் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் மழையில் செடியோடு மீனும் வழிந்து போகும்.

## இலை வெளுத்து, காகிதம் போல் காய்கிறது

பங்குனி பிறந்தால் இந்தப் புகார் வரிசை கட்டும்.

நிழலில் இருந்த செடியை நேராக வெயிலில் வைத்தீர்களா? அது தோல் உரிவது மாதிரிதான். ஒரு வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் கூட்டுங்கள். ஆகாயத்தாமரைக்கு நம்மூர் உச்சி வெயில் ஒத்துவராது. 50 சதவீத பச்சை வலை கட்டினால் தப்பிக்கும்.

வலை கட்டியும் காய்கிறதா? மதியம் இரண்டு மணிக்கு டப்புக்குள் கைவிட்டுப் பாருங்கள். குளிக்க வெந்நீர் போட்ட மாதிரி இருந்தால் வேர் வெந்துகொண்டிருக்கிறது. கறுப்பு டப்புதான் அதிகம் சுடும். தரையிலிருந்து செங்கல் வைத்துத் தூக்குங்கள், வெளிப்பக்கம் ஈரச் சாக்குச் சுற்றுங்கள், தண்ணீரை முடிந்த மட்டும் நிரப்புங்கள். ஆழம் கூடினால் சூடு ஏறுவது மெதுவாகும்.

இரண்டும் இல்லை, ஆனால் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகுகிறது என்றால் உப்பு சேர்ந்திருக்கிறது. கோடையில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. நாம் தினமும் ஒரு குடம் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்வோம், ஒவ்வொரு குடத்தோடும் உப்பு கூடும். ஒரு வைகாசியில் என் குழாயில் 900 காட்டிய டி.டி.எஸ். டப்பில் 2,100 காட்டியது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் டப்பில் ஊற்றுபவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். அந்தத் தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். டப்பில் மூன்றில் ஒரு பங்கை இறைத்து மாற்றுவதை வாரம் ஒருமுறை, மூன்று வாரம் செய்யுங்கள். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய்க்கு அடியில் ஒரு டிரம் வைத்திருந்தால் கோடையில் மட்டம் சரிசெய்ய அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

வீட்டுக்குள் எல்.இ.டி. லைட்டுக்குக் கீழே இலை வெளுத்தால் லைட்டை ஒரு சாண் உயர்த்துங்கள், அவ்வளவுதான்.

## வேர் கொட்டுகிறது

தங்கமீனோ கோய் மீனோ இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டாம், அது தின்கிறது. பிளாஸ்டிக் கூடையை மிதக்க விட்டு அதற்குள் செடியை வைப்பது ஒன்றுதான் வழி. கூடையின் கண்ணுக்கு வெளியே வரும் வேரையும் கடிக்கும், அது பரவாயில்லை.

மீன் தின்னவில்லை, வேர் முழுசாகத் தண்ணீரில் உதிர்ந்து கிடக்கிறது என்றால் அதிர்ச்சி. பெரிய அளவில் தண்ணீர் மாற்றியது, சூடு, திடீரென்று பி.எச். ஏறியது. தீவனத்துக்கு வளர்க்கும் அசோலா என்ற குட்டி மிதவைச் செடி இப்படிச் சட்டென்று வேரை உதறிவிடும். தண்ணீரைக் குறைந்த அளவில் மாற்றிக்கொண்டு பத்து நாள் சும்மா இருங்கள், புது வேர் வரும்.

வேர் கறுத்து நாறினால் அடியில் சேறும் மீன் தின்னாத உணவும் தேங்கியிருக்கிறது. ட்யூபால் அடிச்சேற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கறுத்த வேரைக் கத்தரியுங்கள். வேரில் பச்சைப் பாசி சுற்றியிருந்தால் அது நோயல்ல. விரலால் உருவிவிட்டு, லைட் எரியும் நேரத்தை நாளுக்கு எட்டு மணி நேரமாகக் குறையுங்கள்.

## ஒவ்வொரு தலைமுறையும் சின்னதாகிக்கொண்டே போகிறது

உள்ளங்கை அகலம் வாங்கிய ஆகாயத்தாமரை ஆறு மாதத்தில் ஐம்பது காசு அளவுக்கு வந்துவிட்டது என்பார்கள். கூட்டம், பசி, இருட்டு மூன்றில் ஒன்று. பாதியை எடுத்துவிட்டு மூன்று வாரம் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். பெரிதாகவில்லையென்றால் மேலே சொன்ன நைட்ரேட் சோதனை. அதுவும் சரி என்றால் வெளிச்சம். கூடத்து லைட்டில் இது ஒருநாளும் மாடியில் வளர்ந்த அகலத்துக்கு வராது. அதற்காகப் பெரிய லைட் வாங்குவதைவிடச் சின்ன இலையை ரசிக்கப் பழகுவது மலிவு.

## அசோலா சிவக்கிறது

மாட்டுக்கும் கோழிக்கும் அசோலா போடுபவர்கள் அடிக்கடி கேட்பது. வெயிலிலும் குளிரிலும் அது சிவக்கும். நிழல் வலை கட்டி ஒரு வாரத்தில் பச்சை திரும்பினால் அதோடு விடுங்கள். திரும்பவில்லை, பாயும் அடர்த்தியாக நிற்கிறது என்றால் பாதியை அள்ளி மாட்டுக்குப் போடுங்கள்.

அப்படியும் சிவப்பு, வளர்ச்சியும் இல்லை என்றால் பாஸ்பரஸ் தீர்ந்துவிட்டது. அசோலா தன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசியின் உதவியால் காற்றிலிருந்தே நைட்ரஜன் எடுத்துக்கொள்ளும், அதனால் அதற்குத் தழைச்சத்து உரம் தேவையில்லை. பாஸ்பரஸ் நாம்தான் கொடுக்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டைக் கொஞ்சம் சாணத்தோடு கரைத்து ஊற்றுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். மீன் இருக்கும் தொட்டியில் சாணம் வேண்டாம்.

நல்ல அசோலாப் பாய் திட்டுத் திட்டாகக் கறுத்து, நூலாம்படை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது புழு. பாத்தி முழுக்கப் பரவியிருந்தால் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள், புது விதையும் கேட்டுப் பாருங்கள். மாடு தின்னும் பொருள் என்பதால் நீங்களாகப் பூச்சிமருந்து எதையும் தெளிக்காதீர்கள்.

## இலையில் கறுப்புப் புள்ளி நகர்கிறது, அல்லது ஓட்டை விழுகிறது

நகரும் புள்ளி அசுவினி. வெயில் ஏறும்போது மாடி ஆகாயத்தாமரையில் தவறாமல் வரும். இதற்கு மருந்தே வேண்டாம். ஒரு வலைத்துண்டால் செடியை அரை மணி நேரம் முழுக்கத் தண்ணீருக்குள் அழுத்தி வையுங்கள். அசுவினி மேலே மிதந்து வரும், கப்பி மீன் காலி பண்ணிவிடும். ஐந்து நாள் கழித்து இன்னொருமுறை. மேலே தலை நனையக் கூடாது என்று சொன்னேன், அரை மணி நனைந்தால் ஒன்றும் ஆகாது.

சுத்தமான ஓட்டை, பக்கத்தில் கறுப்பு எச்சம் என்றால் புழு. இரவு டார்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்குங்கள். சில புழு இலையை வட்டமாக வெட்டி, இரண்டு துண்டுக்கு நடுவில் தன்னை மூடிக்கொண்டு மிதக்கும், பார்த்தால் உதிர்ந்த இலை மாதிரியே இருக்கும். அந்த மாதிரித் துண்டுகளையும் அள்ளி எறியுங்கள். கைக்கு அடங்கவில்லையென்றால் செடியைத் தனி வாளிக்கு மாற்றி, பி.டி. என்று விற்கும் பாக்டீரியா மருந்தைத் தெளிக்கலாம். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலை மீன் இருக்கும் தண்ணீரில் அடிக்காதீர்கள். இயற்கை மருந்துதானே என்று அடித்து மீனை இழந்தவர்கள் உண்டு.

நத்தையைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று பாருங்கள். சின்ன நத்தைகள் பெரும்பாலும் அழுகிய இலையைத்தான் தின்னும். எலுமிச்சை அளவு ஆப்பிள் நத்தை இருந்தால் மட்டும் அதை நம்பாதீர்கள்.

## மீன் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறக்கிறது

இதில் மட்டும் வரிசை பார்க்காதீர்கள். முதலில் செடியில் பாதியை அள்ளி வெளியே போடுங்கள், ஏர் பம்ப்பைப் போடுங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

மிதவைச் செடி விடும் ஆக்ஸிஜன் காற்றுக்குப் போகிறது, தண்ணீருக்கு அல்ல. மேற்பரப்பு முழுக்க மூடியிருந்தால் காற்றிலிருந்து தண்ணீருக்கு இறங்குவதும் தடைப்படும். விடியும் நேரத்தில் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும், வானம் மூட்டம் போட்ட நாட்களுக்குப் பிறகு இன்னும் மோசம். மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூட விடாதீர்கள் என்பது என் கணக்கு.

செடியைக் குறைத்த மறுநாள் காலை மீன் கீழே நீந்தினால் தீர்ந்தது. மதியமும் வாயைத் திறந்தால் செடி காரணமல்ல. அம்மோனியா கிட்டில் பாருங்கள், பச்சை காட்டினால் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை உடனே மாற்றி, இரண்டு நாள் மீனுக்குத் தீனி போடாதீர்கள். அம்மோனியாவும் இல்லை, செவுள் சிவந்தோ வெளிறியோ இருக்கிறது, நாளுக்கு ஒன்றிரண்டு சாகிறது என்றால் நோய். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியோ மீன்வளத் துறை அலுவலகமோ அருகில் இருந்தால் உயிரோடிருக்கும் மீனையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் கொண்டுபோங்கள். செத்த மீனை எடுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

## செடி வைத்ததிலிருந்து கொசு

தண்ணீர் மேல் புழு நெளிந்தால் எளிது. கப்பி விடுங்கள், மீன் போய்த் தின்ன இடம் இருக்கும்படி செடியை விலக்கி வையுங்கள். நல்ல தண்ணீரில் முட்டையிடும் டெங்கு கொசுவுக்கு மாடி டப் தோதான இடம். மாநகராட்சி ஊழியர் வந்து பார்க்கும் முன் நீங்களே பாருங்கள்.

மேலே புழுவே இல்லை, ஆனால் கொசு வருகிறது என்றால் ஒரு வெள்ளைப் பேசினில் தண்ணீர் எடுத்து ஆகாயத்தாமரை வேரை அதில் வேகமாக உதறுங்கள். மான்சோனியா என்ற கொசுவின் புழு மூச்சுவிட மேலே வராது. மூச்சுக்குழலை வேரில் செருகி, செடியின் காற்றையே எடுத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசு. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் 1980-களில் அந்த நோயைக் கட்டுப்படுத்தக் குளங்களிலிருந்து ஆகாயத்தாமரையை அகற்றினார்கள். பேசினில் புழு தெரிந்தால் அந்த டப்பின் செடி முழுவதையும் எடுத்துக் காயப்போட்டுவிடுவது நல்லது.

## டக்வீட் வந்துவிட்டது

பச்சரிசி அளவு பச்சைப் புள்ளி. யாரும் வாங்குவதில்லை. வேறு செடியின் வேரிலோ மீன் பாக்கெட்டிலோ ஒட்டிக்கொண்டு வரும். தோதான தண்ணீரில் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். அதனால் வாரம் ஒருமுறை அள்ளுவதில் பிரயோஜனம் இல்லை.

ஃபில்டரை நிறுத்துங்கள், அது ஓரத்தில் ஒதுங்கும். டீ வடிகட்டியால் அள்ளுங்கள். மற்றச் செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளித் தண்ணீரில் அலசுங்கள், இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். தொட்டிச் சுவரில் ஒட்டியதைத் துணியால் துடையுங்கள். இதை இரண்டு வாரம் தினமும் செய்தால் போகும். ஒரு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து. சோம்பலாக இருந்தால் இரண்டு தங்கமீனிடம் விட்டுவிடலாம், ஆனால் அது மற்றச் செடியின் வேரையும் சேர்த்துத் தின்னும். களைக்கொல்லி என்ற பேச்சே வேண்டாம்.

அள்ளியதை என்ன செய்வது? டக்வீட்டும் அசோலாவும் கோழி தின்னும். ஆகாயத்தாமரையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, வாய் அரிக்கும், ஆட்டுக்குப் போடாதீர்கள். எதையும் ஏரியிலோ கால்வாயிலோ கழிவுநீர்க் குழாயிலோ கொட்டாதீர்கள். வெங்காயத்தாமரையும் பிரேசிலிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவந்த செடிதான். நான் மொட்டை மாடியில் ஒரு பழைய சாக்கில் பரப்பி வைத்துவிடுவேன். சித்திரை வெயிலில் நாலு நாள் போதும், ஒரு வாளி நிறையச் செடி இரண்டு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். அது கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகிறது.